பிசிஆர் கேஸ் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஸ்டேஷன் வாசல்லயும் கோர்ட் வராண்டாவுலயும் போன்லயும் திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள ஒரே இடத்துல போட்டிருக்கேன். எல்லாத்துக்கும் ஒரே அளவுக்கு பதில் இருக்காது, எங்க ஆளுங்க அதிகமா ஏமாத்தப்படுறாங்களோ அங்க கொஞ்சம் நீளமா எழுதியிருக்கேன். தமிழ்நாட்டுல நடக்கிறத வச்சுத்தான் எழுதுறேன், சட்டம் நாடு முழுக்க ஒண்ணுதான்.

எல்லாரும் பிசிஆர் பிசிஆர்னு சொல்றாங்க, வன்கொடுமைச் சட்டம்னும் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லைங்க, ரெண்டு தனித்தனி சட்டம். 1950ல அரசியலமைப்பு வந்தப்பவே 17ஆவது பிரிவுல தீண்டாமைய ஒழிச்சாச்சு, அத எந்த வடிவத்துல கடைப்பிடிச்சாலும் குற்றம்னு எழுதியாச்சு. அதுக்கு தண்டனை சொல்ற சட்டம் 1955ல வந்துச்சு, 1976ல அதத் திருத்தி குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்னு பேர் மாத்தினாங்க, அந்தப் பேரோட இங்கிலீஷ் சுருக்கம்தான் நிஜமான பிசிஆர். கோயிலுக்குள்ள விடல, டீக்கடையில தனி கிளாஸ் குடுத்தாங்க, கிணத்துல தண்ணி எடுக்க விடல, இதுக்கெல்லாம் அதுல தண்டனை உண்டு, ஆனா முதல் தடவைக்கு அதிகபட்சமே 6 மாசம்தான், அபராதம் 100 ரூபாயில இருந்து 500 ரூபா. இந்தத் தண்டனைக்கு எந்த ஆண்ட பரம்பரை பயப்படும்?

அந்தச் சட்டம் அமல்ல இருக்கும்போதே 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேர ஒரே குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க, பொம்பளைங்க, குழந்தைங்கதான் அதிகம். கூலிய கொஞ்சம் கூட்டிக் கேட்டதுக்கு, சங்கம் வச்சதுக்கு. கீழ்க்கோர்ட்ல தண்டனை வாங்கின நிலச்சுவான்தாருங்கள 1973ல ஹைகோர்ட் விடுதலை பண்ணிருச்சு. இந்த மாதிரி கொடுமை பீகார், ஆந்திரான்னு பல இடத்துல நடந்த பிறகுதான், தீண்டாமை வேற, சாதியின் பேரால நடக்கிற வன்முறை வேற, ரெண்டாவதுக்கு தனியா கடுமையான சட்டம் வேணும்னு 1989ல எஸ்சி எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்துச்சு, 1990 ஜனவரி 30ல இருந்து அமல். 1995ல அதுக்கு விதிகள் வந்துச்சு. 2015ல பெரிய திருத்தம், 2016 ஜனவரி 26ல இருந்து அது நடைமுறையில இருக்கு. இன்னிக்கு ஊர்ல "பிசிஆர்ல போட்டுட்டாங்க"ன்னு சொல்றது பெரும்பாலும் இந்த ரெண்டாவது சட்டத்தத்தான்.

என்னென்ன நடந்தா இந்தச் சட்டத்துல வரும்? சாதி பேர் சொல்லி திட்டினா மட்டுமா?

அப்படித்தான் நிறைய பேர் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அதனாலயே பல கேஸ் வெளிய வராமலே போகுது. மொட்டை அடிக்கிறது, மீசைய எடுக்கிறது, செருப்பு மாலை போடுறது, ஓட்டு போட விடாம பண்றது, தேர்தல்ல நிக்க விடாம மிரட்டுறது, ஜெயிச்ச ஊராட்சித் தலைவர வேலை செய்ய விடாம தடுக்கிறது, பட்டா நிலத்த ஆக்கிரமிக்கிறது, பாசனத் தண்ணிய அடைக்கிறது, கையால மலம் அள்ள வைக்கிறது, எல்லாமே குற்றம். பொது சுடுகாட்டுக்கு விடாம தடுக்கிறது, பொதுத் தெருவுல செருப்பு போட்டு நடக்கக் கூடாது பைக் ஓட்டக் கூடாதுன்றது, கல்யாண ஊர்வலத்த மறிக்கிறது, இதெல்லாம் 2015 திருத்தத்துல எழுத்துப்பூர்வமா சேத்துட்டாங்க. ஊரே சேந்து கடையில சாமான் தர மாட்டோம், வேலைக்குக் கூப்பிட மாட்டோம்னு ஒதுக்கி வைக்கிறது, அதாவது சமூகப் புறக்கணிப்பு பொருளாதாரப் புறக்கணிப்பு, அதுவும் குற்றம்.

2019ல வாணியம்பாடி பக்கத்துல ஒரு உடல பாலத்து மேல இருந்து கயிறு கட்டி கீழ இறக்கின வீடியோ பாத்திருப்பீங்க. சுடுகாட்டுக்குப் போற வழி அடுத்தவங்க நிலத்து வழியா, அங்க விடலன்னு பாலாத்துப் பாலத்துல இருந்து இறக்குனாங்க. செத்த பிறகும் ஒரு மனுசன தரை வழியா போக விடாத ஊர்ல, அன்னிக்கு யாரும் யாரையும் திட்டல, அடிக்கல. ஆனா வழிய மறிச்சா அதுவும் வன்கொடுமைன்னு சட்டம் சொல்லுது.

வீட்டுக்குள்ள வச்சு திட்டினாரு. கேஸ் நிக்குமா?

சாதி பேர் சொல்லி திட்டுறதுக்கும் அவமானப்படுத்துறதுக்கும் மட்டும் ஒரு நிபந்தனை இருக்கு, அது பொதுமக்கள் பார்வையில படுற இடத்துல நடந்திருக்கணும். பொது இடமா இருக்கணும்னு அவசியம் இல்ல, உங்க வீட்டு வாசலா இருந்தாலும் சரி, தெருவுல போறவங்க பாக்குற மாதிரி கேக்குற மாதிரி இருந்தா போதும். நாலு செவுத்துக்குள்ள, வெளியாள் யாரும் இல்லாதப்ப நடந்தா இந்தப் பிரிவு நிக்காதுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 2025 ஜனவரியில லால்குடி கேஸ் ஒண்ணுலயும் அதேதான், வருவாய் ஆய்வாளர அவரோட ஆபீஸ் ரூம்லயே வச்சு சாதி சொல்லி திட்டினதா புகார், அப்ப வெளியாட்கள் அங்க இல்லன்னு சுப்ரீம் கோர்ட் கேஸ ரத்து பண்ணிருச்சு. எனக்கு இதுல உடன்பாடு இல்ல, ரூமுக்குள்ள வச்சு சொன்னா வலி குறைஞ்சுடாது, ஆனா சட்டம் இப்போதைக்கு அப்படித்தான் இருக்கு, தெரிஞ்சுக்கிட்டு போங்க. அடி, பாலியல் வன்முறை, நிலப் பறிப்பு, கொலை இதுக்கெல்லாம் இந்த நிபந்தனை கிடையாது.

பேஸ்புக், யூடியூப்ல பேசினா? அதுவும் பொதுப் பார்வைதான்னு கேரளா ஹைகோர்ட் 2022ல சொல்லியிருக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுங்க, லிங்க்க சேவ் பண்ணுங்க, போன மாத்திடாதீங்க.

ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் குடுத்து அனுப்பிட்டாங்க. கேஸ் ஆயிடுச்சா?

ஆகல. சிஎஸ்ஆர்ன்றது நீங்க மனு குடுத்தீங்கன்னு ஒரு ரசீது, அவ்வளவுதான். எஃப்ஐஆர் போட்டாதான் கேஸ். இந்த ஒரு இடத்துலதான் நம்ம ஊர்ல பாதிக் கேஸ் சாகுது, அதனால பொறுமையா படிங்க.

காலையில போறீங்க, ரைட்டர் மனுவ வாங்கி படிச்சிட்டு "ஐயா ரவுண்ட்ஸ்ல இருக்காரு"ன்னு உக்கார வைப்பாரு. மதியம் எதிர்த்தரப்பு ஆளுங்க வருவாங்க, கூட ஊர்ப் பெரிய மனுசங்க, கட்சிக்காரங்க. "ஒரே ஊர்ல இருக்கோம், நாளைக்கு மூஞ்சில முழிக்கணும்ல, பேசி முடிச்சுக்கலாம்"ன்னு ஆரம்பிப்பாங்க. சாயங்காலம் ஆகுறப்ப உங்க பக்கத்து ஆளே ஒருத்தர் "சரி விடப்பா"ன்னு சொல்வாரு, ஏன்னா அவரு அவங்க வயல்லதான் வேலை பாக்குறாரு. ஒரு பேப்பர்ல ரெண்டு தரப்பும் கையெழுத்து, மனு முடிஞ்சதா எழுதி மூடிடுவாங்க. அடிச்சவனுக்கு ஒண்ணும் ஆகல, அடி வாங்கினவன் அடுத்த நாள் அதே தெரு வழியா நடக்கணும்.

ஸ்டேஷன்ல இத சமாதானம் பண்ணி வைக்கிற அதிகாரம் போலீசுக்கு இந்தச் சட்டத்துல கிடையாது. 18ஏ பிரிவு தெளிவா சொல்லுது, எஃப்ஐஆர் போட முதல்கட்ட விசாரணை தேவையில்ல. கிரிமினல் கேஸ் நடத்துற முறைக்குப் புதுசா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 3 வருசத்துல இருந்து 7 வருசத்துக்கு உள்ள தண்டனை உள்ள குற்றத்துக்கு 14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ணலாம்னு ஒரு வழி இருக்கு, அதக் காட்டி "14 நாள் டைம் இருக்கு"ன்னு சொல்லுவாங்க. வன்கொடுமைச் சட்டம் தனிச் சட்டம், அதுல விசாரணை வேணாம்னு இருக்கு, 18ஏ பிரிவ எடுத்துக் காட்டுங்க. எஃப்ஐஆர் போட்டா அதோட காப்பி உங்களுக்கு காசு இல்லாம குடுக்கணும்.

மறுத்தா அடுத்து எஸ்பிக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, ரசீத பத்திரமா வைங்க. அதுக்கும் அசையலன்னா கோர்ட்ல மனு போட்டு எஃப்ஐஆர் போட உத்தரவு வாங்கலாம், ஸ்பெஷல் கோர்ட்டே நேரடியா வழக்க எடுத்துக்கிற அதிகாரமும் சட்டத்துல இருக்கு. எல்லைப் பிரச்சனை சொன்னா, எந்த ஸ்டேஷன்லயும் எஃப்ஐஆர் போடலாம், அவங்கதான் உரிய ஸ்டேஷனுக்கு மாத்தி விடணும். வேணும்னே கடமைய செய்யாத அரசு ஊழியர் மேல 4ஆவது பிரிவுல கேஸ் போடலாம், 6 மாசத்துல இருந்து 1 வருசம் வரை தண்டனை, ஆனா அதுக்கு முன்னாடி துறை விசாரணை நடந்து பரிந்துரை வரணும், அதனால அந்தப் பிரிவ ரொம்ப அபூர்வமாத்தான் பயன்படுத்துறாங்க.

புகார எப்படி எழுதணும்?

ஒரு மனுவ பக்கத்துல இருந்து பாப்போம். வழக்கமா இப்படி இருக்கும்: "மேற்படி நபர் என்னை சாதி பெயரைச் சொல்லி இழிவாகத் திட்டி, அடித்து, கொலை மிரட்டல் விடுத்தார்." இத வச்சு ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் எழுதும்போது "அசிங்கமான வார்த்தையால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல்"னு ஆயிடும், பழைய இந்திய தண்டனைச் சட்டக் கணக்குல 294பி, 323, 506(1) பிரிவுங்க. இப்ப நம்பர் மாறியிருக்கு, பழக்கம் மாறல. சாதி அந்த எஃப்ஐஆர்லயே இருக்காது, சாதாரண அடிதடி கேஸ் ஆயிடும்.

அதனால என்ன வார்த்தை சொன்னான்னு அப்படியே எழுதுங்க. எழுத கூச்சமாத்தான் இருக்கும், எழுதிக் குடுக்கிறவரும் "இத எப்படி எழுதுறது"ன்னு தயங்குவாரு, ஆனா அந்த வார்த்தைதான் கேஸே. எத்தன மணிக்கு, எந்த இடத்துல, டீக்கடை முன்னாடியா ரேஷன் கடை வரிசையிலயா, யார் யார் நின்னாங்க, எல்லாத்தையும் எழுதணும். நீங்க இன்ன சாதி, அவரு இன்ன சாதி, உங்க சாதி அவருக்கு எப்படி தெரியும், ஒரே ஊரா, அவங்க வீட்டுல வேலை பாத்தீங்களா, இதையும் ஒரு வரி எழுதுங்க. ஏன்னா பெரிய குற்றங்கள்ல முன்னாடி "சாதியின் காரணமாத்தான் செஞ்சான்"னு நிரூபிக்கணும்னு இருந்துச்சு, அதுல எத்தனையோ கேஸ் தோத்துச்சு. 2016ல இருந்து பாதிக்கப்பட்டவர் எஸ்சி எஸ்டின்னு "தெரிஞ்சே" செஞ்சான்னு காட்டினா போதும், உங்களையோ குடும்பத்தையோ முன்னாடியே பழக்கம்னா தெரியும்னுதான் கோர்ட் எடுத்துக்கணும்.

அடிபட்டிருந்தா முதல்ல ஜிஎச்சுக்கு போங்க, ஏஆர் என்ட்ரி, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல பதிவு, போடச் சொல்லுங்க, யார் அடிச்சாங்கன்னு டாக்டர் கேக்கும்போது "கீழ விழுந்துட்டேன்"னு மட்டும் சொல்லிடாதீங்க. பயத்துல சொன்ன அந்த ஒரு வாக்கியத்த வச்சே கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் மொத்தக் கேசையும் உடைப்பாரு.

சாதிச் சான்றிதழ் கையில இல்ல, கேஸ் எடுக்க மாட்டேன்றாங்க.

எஃப்ஐஆர் போட சர்டிபிகேட் கட்டாயம்னு சட்டத்துல எங்கயும் இல்ல. அது விசாரணையில தாசில்தார்கிட்ட வாங்கிக்க வேண்டிய விஷயம். ஆனா சீக்கிரம் வாங்கி வச்சுக்கிறது நல்லது, இருளர், காட்டுநாயக்கன் மாதிரி பழங்குடி மக்களுக்கு சான்றிதழ் கிடைக்கிறதே பெரிய போராட்டமா இருக்கு, அந்த ஒரு பேப்பர் இல்லாததால பல உரிமை கைக்கு எட்டாமலே போகுது.

யார் விசாரிக்கணும்? இன்ஸ்பெக்டரே விசாரிக்கிறாரு.

டிஎஸ்பி ரேங்குக்கு குறையாத அதிகாரிதான் விசாரிக்கணும். 60 நாளுக்குள்ள குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணணும். அதுக்கு அப்புறம் ஸ்பெஷல் கோர்ட்ல முடிஞ்ச வரை 2 மாசத்துல விசாரணை முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. நிஜத்துல வருசக்கணக்கா இழுக்குது, ஸ்பெஷல் கோர்ட் இருந்தாலும் அதே கோர்ட்ல வேற கேசும் நடக்குது, சம்மன் போய்ச் சேராது, டிஎஸ்பி மாறிடுவாரு.

எங்க மேலயே கவுன்டர் கேஸ் போட்டுட்டாங்க, என்ன பண்றது?

இது நிச்சயம் வரும்னு எதிர்பாத்தே போங்க. நீங்க புகார் குடுத்த அன்னிக்கு ராத்திரியே எதிர்த்தரப்புல ஒருத்தர் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகி இருப்பாரு, உங்க வீட்டுல காலேஜ் போற பையன் பேர முதல்ல சேத்திருப்பாங்க, ஏன்னா அவனுக்கு வேலை போயிடும்னு பயந்து நீங்க வாபஸ் வாங்குவீங்க. பயந்து வாபஸ் வாங்கினா உங்க கேஸ் மட்டும்தான் போகும். வக்கீல் வைங்க, பையனுக்கு ஜாமீன் எடுங்க. எதிர்த்தரப்பு எஸ்சி எஸ்டி இல்லன்னா முன்ஜாமீன் அவங்களுக்குத்தான் தடை, உங்க மேல இருக்கிற சாதாரண பிரிவுக்கு நீங்க முன்ஜாமீன் கேக்கலாம்.

வக்கீலுக்கு காசு இல்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்துலயே இருக்கும், எஸ்சி எஸ்டி மக்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச வக்கீல் உண்டு, 15100 நம்பர்லயும் கேக்கலாம். வன்கொடுமை புகாருக்குன்னே தேசிய உதவி எண் 14566 இருக்கு.

அவனுக்கு முன்ஜாமீன் கிடைக்கவே கிடைக்காதா? 2018ல சுப்ரீம் கோர்ட் மாத்திருச்சுன்னாங்களே?

மாத்தினாங்க, திரும்பவும் மாறிருச்சு. 2018 மார்ச் 20ல ரெண்டு நீதிபதி அமர்வு, சட்டத்த தப்பா பயன்படுத்துறாங்கன்னு சொல்லி, கைது பண்ண முன் அனுமதி வேணும், முதல்கட்ட விசாரணை பண்ணலாம், முன்ஜாமீன் குடுக்கலாம்னு தீர்ப்பு குடுத்தாங்க. ஏப்ரல் 2ஆம் தேதி நாடு முழுக்க பந்த், வடக்குல பல இடத்துல துப்பாக்கிச் சூடு, உயிர்ப் பலி ஆச்சு. அந்த ஆகஸ்ட்லயே நாடாளுமன்றம் 18ஏ பிரிவ கொண்டு வந்து பழைய நெலமைக்கே திருப்புச்சு. 2019 அக்டோபர் 1ல சுப்ரீம் கோர்ட்டும் தன்னோட அந்த உத்தரவுகள திரும்ப வாங்கிருச்சு, 2020 பிப்ரவரியில 18ஏ செல்லும்னு சொல்லிருச்சு. இப்ப உள்ள நெலமை, முன்ஜாமீன் கிடையாது, ஆனா புகார படிச்சாலே இந்தச் சட்டப்படி குற்றம் எதுவும் தெரியலன்னா மட்டும் கோர்ட் குடுக்கலாம். அதனாலதான் புகார எப்படி எழுதணும்னு மேல அவ்வளவு சொன்னேன்.

கைதான பிறகு ஜாமீன் கேட்டா, உங்களுக்கு நோட்டீஸ் வரணும், நீங்க கோர்ட்ல பேசலாம், அது 15ஏ பிரிவு. நோட்டீஸ் குடுக்காம ஜாமீன் குடுத்திருந்தா அத எதிர்த்து ஹைகோர்ட் போகலாம்.

உண்மையச் சொல்லுங்க, பாதிக்கு மேல பொய் கேஸ்தானே? தண்டனையே கிடைக்கிறது இல்லையே.

இந்தக் கேள்விய கோவமா கேக்குறவங்களும் இருக்காங்க, நிஜமாவே தெரிஞ்சுக்க கேக்குறவங்களும் இருக்காங்க. ரெண்டாவது ஆளுக்கு சொல்றேன். பொய் கேஸ் இல்லவே இல்லன்னு நான் சொல்லல, எல்லாச் சட்டத்துலயும் இருக்கு, திருட்டு கேஸ்லயும் இருக்கு, செக் கேஸ்லயும் இருக்கு. ஆனா விடுதலை ஆன கேஸ் எல்லாம் பொய் கேஸ்னு சொல்றது எந்தக் கணக்குலயும் சேராது. டிஎஸ்பி விசாரிக்க வேண்டியத வேற ஆள் விசாரிச்சு விட்டதால போன கேஸ் இருக்கு. சாட்சி சொல்ல வேண்டிய பெரியம்மா, பையனுக்கு எதிர்த்தரப்பு ஆலையில வேலை போட்டுக் குடுத்தாங்கன்னு கூண்டுல ஏறி "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ன்னு சொன்னதால போன கேஸ் இருக்கு. 2019ல மேல சொன்ன தீர்ப்புல சுப்ரீம் கோர்ட்டே இதத்தான் சொல்லுச்சு, தண்டனை கொறையா இருக்கிறதுக்கு பொய் புகார் காரணம்னு எடுத்துக்க முடியாது, விசாரணை சரியில்லாததும் சாட்சிகளால முன்வர முடியாததும் காரணமா இருக்கலாம்னு.

வாச்சாத்திய எடுத்துக்கோங்க. தருமபுரி மாவட்டத்துல மலையடிவாரத்துல பழங்குடி ஊர். 1992 ஜூன் 20ல சந்தனக் கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க படையா போய் இறங்கினாங்க, 18 பொண்ணுங்கள பாலியல் வன்கொடுமை பண்ணாங்க, வீடுகள உடைச்சாங்க, கிணத்துல எண்ணெய ஊத்தினாங்க, ஊர் ஜனத்தையே ஜெயில்ல அடைச்சாங்க. அப்ப வன்கொடுமைச் சட்டம் அமலுக்கு வந்து ரெண்டரை வருசம் ஆயிருந்துச்சு. அப்படி எதுவுமே நடக்கலன்னு அதிகாரத்துல இருந்தவங்க சாதிச்சாங்க, அந்த ஊர் மக்கள் பொய் சொல்றாங்கன்னு சொன்னாங்க. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரங்களும் விடாம கோர்ட்டுக்குப் போய், ஹைகோர்ட் உத்தரவால சிபிஐ கைக்கு போன பிறகுதான் கேஸ் நகர்ந்துச்சு. குற்றம் சாட்டப்பட்டவங்க 269 பேர், அத்தன பேரும் அரசு ஊழியருங்க. 2011 செப்டம்பர் 29ல தீர்ப்பு வந்தப்ப அதுல 54 பேர் செத்துப் போயிருந்தாங்க, மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. அவங்க அப்பீல் போனாங்க. ஹைகோர்ட் நீதிபதி அந்த ஊருக்கே நேர்ல போய் பாத்துட்டு வந்து 2023 செப்டம்பர் 29ல அப்பீல் எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணி, பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் குடுக்கச் சொன்னாரு, அப்ப இருந்த கலெக்டர், எஸ்பி, மாவட்ட வன அதிகாரி மேலயும் நடவடிக்கை எடுக்கச் சொன்னாரு. நடந்து 31 வருசம். நடுவுல ஒரு கட்டத்துல அவங்க சோர்ந்து விட்டிருந்தா, இன்னிக்கு வாச்சாத்தியும் "பொய் கேஸ்" கணக்குலதான் இருந்திருக்கும்.

தீருதவின்னு பணம் தர்றாங்களாமே, எவ்வளவு, எப்ப?

மத்திய அரசு 2016 விதிப்படி குற்றத்தப் பொறுத்து 85 ஆயிரத்துல இருந்து 8.25 லட்சம் வரை, தமிழ்நாடு அரசு உச்ச அளவ 12 லட்சம் வரை கூட்டியிருக்கு. மொத்தமா ஒரே நாள்ல வராது. சாதி சொல்லி திட்டின கேஸ்னா எஃப்ஐஆர் போட்டதும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகைக்கு 50, தண்டனை கிடைச்சதும் மிச்சம் 25. கொலைன்னா போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சதும் பாதி, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்கு போனதும் பாதி, அதுபோக குடும்பத்துக்கு மாசம் 5 ஆயிரத்தோட அகவிலைப்படி சேந்த பென்ஷன், ஒருத்தருக்கு வேலை, பிள்ளைங்களுக்கு டிகிரி வரை படிப்புச் செலவு இதெல்லாம் விதியிலயே இருக்கு. 7 நாளுக்குள்ள உதவி குடுக்கணும், கலெக்டரும் எஸ்பியும் சம்பவ இடத்துக்கு வரணும்.

கேக்காட்டி வராது. ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்துல எஃப்ஐஆர் காப்பி, சான்றிதழ், பேங்க் பாஸ்புக் காப்பியோட மனு குடுங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் குடுங்க. 3 மாசத்துக்கு ஒரு தடவை கலெக்டர் தலைமையில விழிப்புக் கண்காணிப்புக் குழு கூடணும், உங்க கேஸ் அதுல வந்துச்சான்னு கேளுங்க. சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போனா பயணச் செலவும் அன்னன்னிக்கு போன கூலியும் தரணும், இத யாரும் கேக்குறதே இல்ல. "பணத்துக்காக கேஸ் போடுறாங்க"ன்னு பேசுவாங்க, பேசட்டும். கூலிக்குப் போற மனுசன் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவா அலைஞ்சா அடுப்பு எரியாது, அது தெரிஞ்சுதான் இந்த விதிய எழுதினாங்க.

அடிச்சவங்களும் எஸ்சிதான், வேற உட்பிரிவு. இந்தச் சட்டம் வருமா?

வராது. குற்றம் செஞ்சவர் எஸ்சி எஸ்டி இல்லாதவரா இருக்கணும். அருந்ததியர் மக்களுக்கு மத்த பட்டியல் சாதிக்காரங்களால நடக்கிற தீண்டாமைக்கு இதுல வழி இல்ல, ஆனா 1955 சட்டத்துல அந்தத் தடை கிடையாது, தீண்டாமைய யார் கடைப்பிடிச்சாலும் குற்றம்தான்.

வேங்கைவயல் கேஸ் ஞாபகம் இருக்கும். 2022 டிசம்பர்ல புதுக்கோட்டை மாவட்டத்துல எஸ்சி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில மலத்தக் கலந்தாங்க. 2025 ஜனவரியில சிபிசிஐடி அதே சமூகத்து ஆளுங்க மூணு பேர் மேலயே குற்றப்பத்திரிகை போட்டாங்க, ஊர் மக்கள் அத ஏத்துக்கல, போராட்டம் பண்ணாங்க. குற்றம் சாட்டப்பட்டவங்க எஸ்சின்னு ஆனதும் வழக்கு ஸ்பெஷல் கோர்ட்ல இருந்து மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறிருச்சு. யார் பேர் குற்றப்பத்திரிகையில வருதுன்றத வச்சே எந்தச் சட்டம்னு மாறிடும், அதனால விசாரணை எந்தப் பக்கம் போகுதுன்னு ஆரம்பத்துல இருந்தே கண்ணு வைக்கணும்.

நாங்க கிறிஸ்தவங்களா மாறிட்டோம். ஊர்ல இன்னும் அதே மாதிரிதான் நடத்துறாங்க.

1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டும்தான் எஸ்சி, சீக்கியர 1956லயும் பௌத்தர 1990லயும் சேத்தாங்க. கிறிஸ்தவ தலித்துக்கும் முஸ்லிம் தலித்துக்கும் இந்தச் சட்டம் வராது. தனி சுடுகாடு, சர்ச்சுல தனி வரிசைன்னு மதம் மாறின பிறகும் சாதி விடாத ஊருங்க இருக்கு, அப்படி இருக்க சட்டம் மட்டும் விட்டுட்டது அநியாயம்தான். 2022ல இதப் பாக்க கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில ஒரு ஆணையம் போட்டாங்க. எஸ்டி மக்களுக்கு மதம் ஒரு தடையே இல்ல.

சட்டம் போட்டா மட்டும் சாதி போயிடுமா?

மதுரை பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், அப்புறம் விருதுநகர் மாவட்டத்துல கொட்டக்கச்சியேந்தல். 1996ல இந்த ஊராட்சித் தலைவர் பதவிய எஸ்சிக்கு ஒதுக்கினாங்க. அரசியலமைப்புலயே இருக்கிற இடஒதுக்கீடு. 10 வருசம் அங்க ஒழுங்கா ஒரு தலைவர் உக்கார முடியல, ஆதிக்க சாதிக்காரங்க ஆளே நிக்க விட மாட்டாங்க, இல்லைன்னா அவங்களே ஒருத்தர நிக்க வச்சு ஜெயிச்ச உடனே ராஜினாமா பண்ண வைப்பாங்க. அதே காலத்துல மேலவளவுல நின்னு ஜெயிச்ச தலைவர் முருகேசன 1997 ஜூன்ல கூட இருந்தவங்களோட சேத்து பஸ்ஸ மறிச்சு வெட்டிக் கொன்னாங்க. சட்டம் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

2006ல அதே பாப்பாபட்டியில தேர்தல் நடந்துச்சு. மதுரை கலெக்டரா இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊரா போய் உக்காந்து பேசினாரு, அரசாங்கமும் பின்னாடி நின்னுச்சு, ஜெயிச்சவங்க பதவியிலயும் தொடர்ந்தாங்க. சட்டத்துல ஒரு எழுத்து கூட மாறல, அத நடத்துற ஆள் மாறினாரு. அதனால "சட்டத்தால என்ன ஆகும்"னு கேக்குறப்ப எனக்கு திருப்பிக் கேக்கத் தோணும், உங்க மாவட்டத்துல அந்தச் சட்டத்த யாராவது முழுசா நடத்திப் பாத்தாங்களா?

தீர்ப்புல எல்லாரையும் விடுதலை பண்ணிட்டாங்க. இதோட முடிஞ்சுதா?

முடியல. 14ஏ பிரிவுல ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம், தீர்ப்பு வந்து 90 நாளுக்குள்ள போடணும். தாமதத்துக்கு சரியான காரணம் இருந்தா அதுக்கு மேலயும் ஏத்துக்குவாங்க, ஆனா 180 நாள் தாண்டினா கதவு சாத்திரும். தீர்ப்பு சொன்ன அன்னிக்கே காப்பிக்கு மனு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க.